ரீசெட்டை டிவைஸ் ட்ரீயில் எழுத மூன்று வழிகள்: எது எங்கே பொருந்தும்?

காசிமேட்டு விசைப்படகில் ஏறும் டிராக்கரோ, மணலி ஆலைக்குள் மாட்டும் கேட்வேயோ, லினக்ஸ் போர்டில் ஒரு சிப் உயிர் பெறவில்லை என்றால் முதலில் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்ன வன்பொருள் எங்கே இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் விவரக் கோப்பு) அதன் ரீசெட் வரியைப் பாருங்கள்; ரீசெட் என்பது சிப்பை இயங்காமல் ஆரம்ப நிலையில் பிடித்துவைக்கும் சிக்னல். அந்த வரியை மூன்று விதமாக எழுதலாம். பிராசசருக்குள் இருக்கும் ரீசெட் கன்ட்ரோலரை 'ரீசெட்ஸ்' என்று சுட்டலாம். மென்பொருள் ஏற்றி இறக்கும் ஜிபிஐஓ காலை 'ரீசெட்-ஜிபிஐஓஸ்' என்று நேராகக் கொடுக்கலாம். ரெஜிஸ்டர் பிட்டுகளையே சிஸ்கான் (பல வேலைகளுக்கான பொது ரெஜிஸ்டர் தொகுதி) அட்டவணையாக எழுதலாம். மூன்றிலும் போர்டு ஓடும் என்பதால்தான் தவறான தேர்வு சீக்கிரம் வெளியே தெரிவதில்லை.

பிராசசருக்குள் இருக்கும் யூஆர்ட், ஐ2சி, யூஎஸ்பி போன்றவற்றுக்கு முதல் வழிதான் சரி. கன்ட்ரோலர் நோடில் (டிவைஸ் ட்ரீயில் ஒரு வன்பொருளுக்கான பகுதி) '#ரீசெட்-செல்ஸ்' 1 என்று இருக்கும், அதாவது ஒரு ரீசெட்டைச் சுட்ட ஓர் எண் போதும். பயன்படுத்தும் நோடு அதன் எண்ணைச் சொல்லும். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை எஸ்டிஎம்32எஃப்4 சிப்பில் பார்க்கலாம். சிஆர்சி பிளாக்கின் ரீசெட் பிட், ஆர்சிசி (அந்தச் சிப்பின் கடிகாரத்தையும் ரீசெட்டையும் கட்டுப்படுத்தும் பகுதி) தொடக்கத்திலிருந்து 16 பைட் தள்ளியுள்ள ரெஜிஸ்டரில் 12-ஆவது பிட். 16-ஐ 4-ஆல் வகுத்து, 32-ஆல் பெருக்கி, 12 கூட்டினால் 140. ஆகவே வரி: ரீசெட்ஸ் = <&ஆர்சிசி 140>. இதற்குத் தனி டிரைவர்கூட வேண்டாம், கர்னலின் ரீசெட்-சிம்பிள் போதும். '#ரீசெட்-செல்ஸ்' விட்டுப்போனால் கர்னல் லாகில் அந்தப் பெயரோடு புகார் வந்துவிடும், அது பிரச்சினையில்லை. சத்தமில்லாமல் கவிழ்ப்பது 'ரீசெட்-நேம்ஸ்' எழுத்துப்பிழைதான். டிரைவர் அந்த ரீசெட்டை ஆப்ஷனல் என்று கேட்டிருந்தால், பெயர் பொருந்தாதபோது பிழையே வராது. ரீசெட் இல்லாத சிப் என்று எண்ணி டிரைவர் மேலே போய்விடும். போர்டில் ஏற்றுமுன் டிடிபிஎஸ்-செக் (டிவைஸ் ட்ரீயை விதிக் கோப்புகளோடு ஒப்பிடும் சோதனை) ஓட்டினால், அந்தச் சிப்புக்கு விதிக் கோப்பு இருக்கும்பட்சத்தில் இது அங்கேயே சிக்கும்.

போர்டில் தனியாக உட்காரும் டச் கன்ட்ரோலர், ஈதர்நெட் ஃபை (கேபிள் சிக்னலைக் கையாளும் சிப்), ஆடியோ சிப் இவற்றுக்கு 'ரீசெட்-ஜிபிஐஓஸ்'. இங்கே ஆக்டிவ்-லோ (கம்பி தாழ்ந்தால்தான் ரீசெட் என்று சொல்லும்) கொடியில் கவனம் வேண்டும். டிரைவர் 1 என்று எழுதினால் 'ரீசெட்டில் வை' என்று பொருள், மின்னழுத்தம் ஏற வேண்டும் என்று பொருளல்ல. கொடி தலைகீழானால் சிப் நிரந்தரமாக ரீசெட்டிலேயே கிடக்கும்.

ஈதர்நெட்டில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஃபை நோடில் ரீசெட்டை எழுதியிருந்து, பவர் வந்ததிலிருந்து சிப் ரீசெட்டில் இருந்தால், எம்டிஐஓ (ஃபையோடு பேசும் கட்டுப்பாட்டுப் பாதை) வழியே அதன் அடையாள எண்ணைக் கர்னலால் படிக்க முடியாது; ஃபை இல்லவே இல்லை என்று முடிவு கட்டிவிடும். ஃபை நோடின் 'கம்பேட்டிபிள்' வரியில் அடையாள எண்ணையே எழுதிவிடுங்கள், அல்லது ரீசெட்டை எம்டிஐஓ நோடுக்கு நகர்த்துங்கள். நேரத்தையும் குறிப்பிட வேண்டும்: லேன்8720ஏ என்ற ஃபைக்கு ரீசெட் குறைந்தது 100 மைக்ரோவினாடி நீடிக்க வேண்டும்.

ஒரே ரீசெட் கம்பியில் இரண்டு ஆம்ப்ளிஃபையர் இருந்தால், இரண்டாவதாக அந்த ஜிபிஐஓவைக் கேட்கும் டிரைவருக்கு -16 பிழை (வேறொருவர் பயன்பாட்டில் உள்ளது) கிடைக்கும். 2024-இல் வந்த கர்னல் 6.9 இதற்கு விடை தந்தது: டிரைவர் ரீசெட் கட்டமைப்பு வழியே பகிர்வாகக் கேட்டால், 'ரீசெட்-ஜிபிஐஓஸ்' வரியைப் பார்த்துக் கர்னலே உள்ளுக்குள் ஒரு கன்ட்ரோலரை உருவாக்கிக்கொள்ளும். டிவைஸ் ட்ரீயில் எதையும் மாற்ற வேண்டாம். பகிர்ந்த கம்பியில், விடுவித்த எல்லா டிரைவரும் திரும்ப ரீசெட்டில் வைத்தால்தான் சிப் ரீசெட்டுக்குப் போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, நம் கடலோரத்துக்கு மிக அவசியமானது. கர்னல் எழும் வரை ஜிபிஐஓ கால் பெரும்பாலும் இன்புட்டாகவே கிடக்கும். ஓபன்-டிரெயின் (கால் கம்பியைக் கீழே மட்டும் இழுக்கும்) என்று எழுதியிருந்தால் அதன் பிறகும் புல்-அப் ரெசிஸ்டர்தான் கம்பியை மேலே தூக்க வேண்டும். உப்பும் ஈரமும் சேர்ந்து கம்பிக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 கிலோஓம் கசிவு வந்துவிட்டதாக வையுங்கள். புல்-அப்பும் 100 கிலோஓம் என்றால் 3.3 வோல்ட் பாதியாகி 1.65-இல் நிற்கும், 0.8-க்குக் கீழே தாழ்வு, 2.0-க்கு மேலே உயர்வு என்று பார்க்கும் சிப்புக்கு அது இரண்டுமில்லை. 10 கிலோஓம் போட்டிருந்தால் அதே கசிவிலும் 3.0 வோல்ட் நிற்கும். காற்று உலர்ந்த மதியத்தில் ஓடி, விடியற்காலையில் மட்டும் படுக்கும் போர்டில் டிவைஸ் ட்ரீயைத் திருத்திக்கொண்டிராமல் மீட்டரை எடுங்கள்.

சிஸ்கான் அட்டவணையைப் புதிய போர்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். டிஐ (டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்) சிஸ்கான்-ரீசெட்டில் ஒவ்வொரு ரீசெட்டுக்கும் 7 எண்கள்: வைக்க, விடுவிக்க, நிலை பார்க்க என மூன்றுக்கும் தள்ளிடமும் பிட்டும், கடைசியில் கொடிகள். பயன்படுத்தும் நோடுகள் வரிசை எண்ணைத்தான் சுட்டுகின்றன. பின்னாளில் யாராவது நடுவில் ஒரு வரி செருகினால் அதற்குக் கீழே உள்ள எல்லா எண்ணும் நகரும். எஸ்பிஐ விடுவிக்கப் போய் டிஎஸ்பி விடுபடும். ஏற்கெனவே இப்படி எழுதப்பட்ட போர்டைப் பராமரிக்கிறீர்கள் என்றால் புது வரியை எப்போதும் கடைசியில் மட்டும் சேருங்கள்.