அப்பச்சியின் புல்லட்டும் ஒரு சைடு ஸ்டாண்டும்

பங்காளிகள் சேர்ந்து, முன்னோர்களுக்குப் படைத்துக் கும்பிடும் படைப்பு வைத்திருந்தோம். அதற்காகத்தான் தை மாதம் 16 நாள் லீவு போட்டு சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்தேன். திருச்சியில் இறங்கி, புதுக்கோட்டை வழியாகப் பள்ளத்தூர் வந்து சேரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. குளித்துச் சாப்பிட்டு, சாயங்காலம் வீட்டு முகப்பில் நின்ற அப்பச்சியின், அதாவது அப்பாவின், புல்லட்டைத் துடைக்கலாம் என்று மெயின் ஸ்டாண்டிலிருந்து இறக்கிச் சைடு ஸ்டாண்டில் போட்டேன். கையை எடுத்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. வண்டி அரை அடி முன்னால் நகர்ந்தது, ஸ்டாண்டு பின்பக்கமாக மடங்கியது, இடது பக்கம் அப்படியே சாய்ந்து விழுந்துவிட்டது.

160 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி. கிளட்ச் லிவர் வளைந்தது, ஃபுட்ரெஸ்ட் பட்ட இடத்தில் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஒன்று மூலை உடைந்தது. சத்தம் கேட்டு ஆத்தா உள்ளேயிருந்து ஓடி வந்தாக. "கால்ல எங்கயும் படலையேப்பா? வண்டி கெடக்கட்டும், நீ இங்கிட்டு வா" என்றுதான் முதலில் கேட்டாக. ஆனால் நான் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பச்சி தவறி 6 வருஷம் ஆகிறது. அவுக இருந்தவரை இந்த வண்டி ஒருநாளும் கீழே கிடந்ததில்லை.

இது 1979-ஆம் வருஷத்துப் புல்லட், 350. திருவொற்றியூர் எண்ஃபீல்டு இந்தியா கம்பெனியில் செய்தது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போதுள்ள பையன்களிடம் ஓட்டக் கொடுத்தால் முதல் திருப்பத்திலேயே தடுமாறுவார்கள். ஆர்.சி. புத்தகத்தில் இன்னமும் ராமநாதபுரம் மாவட்டம் என்றுதான் இருக்கிறது, ஏனென்றால் சிவகங்கை தனி மாவட்டம் ஆனதே 1985-ல்தான்.

மறுநாள் காலை காரைக்குடிக்குப் போனேன். ஸ்டாண்டுதானே, பத்து நிமிஷ வேலை என்று நினைத்திருந்தேன். முதல் கடையில் கவுண்டரில் இருந்த பையன் "புல்லட்டா சார்?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றதும் பாலித்தீன் கவரில் புதுசு ஒன்றை எடுத்து வைத்தான். என்ன வருஷத்து வண்டி, எந்த இன்ஜின் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் ஓட்டையும் சேரவில்லை, ஸ்பிரிங் மாட்டும் கொக்கியும் வேறு இடத்தில் இருந்தது. அது 2009-க்கு அப்புறம் வந்த வண்டிகளுக்கானது. அந்த வண்டிகளில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூடாக வருகிறது, சேசிஸ் அமைப்பே வேறு. பெயர் புல்லட் என்பதால் சாமான் பொருந்திவிடாது. திருப்பிக் கொடுக்கப் போனால், கவர் பிரித்துவிட்டதால் எடுக்க மாட்டோம் என்றார்கள்.

அண்ணன் மகன் ஆன்லைனில் ஒன்று போட்டான். பழைய மாடலுக்கு என்றுதான் எழுதியிருந்தது, மூன்றாம் நாள் வந்தும் சேர்ந்தது. இது மாட்டியது. ஆனால் இறக்கினால் கால் நேர் செங்குத்தாக நின்றது. சைடு ஸ்டாண்டு இறங்கிய பிறகு கொஞ்சம் முன்னோக்கிப் போய் நிற்க வேண்டும். அப்போதுதான் வண்டி லேசாக முன்னால் உருண்டாலும் ஸ்டாண்டு மடங்காது. இதில் அந்தச் சாய்மானமே இல்லை. போதாததற்கு நீளமும் கூட. வண்டி கிட்டத்தட்ட நிமிர்ந்தே நின்றது, டேங்கில் கை வைத்து லேசாகத் தள்ளினால் வலது பக்கம் போய்விடும் போல இருந்தது. மறுபடியும் முகப்பில் நிறுத்த மனசு வரவில்லை.

பழைய வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் தேடிப் பார்க்கச் சொல்லலாமா என்று சென்னையில் இருக்கும் அயித்தை மகனுக்குப் போன் போட்டேன். "அளவு சொல்லுங்க, தேடுறேன்" என்றான். நியாயமான கேள்வி. என்னிடம் அளவு இல்லை.

அன்று சாயங்காலம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருந்தேன். பழைய சாமான் கடைகள் இருக்கிற தெரு. பெரிய வீடுகளிலிருந்து வந்த எனாமல் கூஜா, மரத்தூண், பூட்டு, சாமி படம் என்று வாசல் வரை அடுக்கியிருக்கும். முகப்பில் உடைந்த கல்லுக்கு ஜோடியாகப் பழைய கல் ஏதாவது கிடைக்குமா என்று கேட்கத்தான் போனேன். பேச்சுவாக்கில் வண்டி விழுந்த கதையைச் சொன்னதும் கடைக்காரர், கோவிலூர் ரோட்டுப் பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு பட்டறை இருக்கிறது, பழைய புல்லட் என்றால் அவர்தான் என்று வழி சொன்னார். போர்டு கிடையாது, மரம்தான் அடையாளம்.

மறுநாள் காலை வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு அங்கே போனேன். மெக்கானிக் அண்ணனுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். பழைய ஸ்டாண்டு, கடையில் வாங்கியது, ஆன்லைனில் வந்தது, மூன்றையும் பையிலிருந்து எடுத்து வைத்தேன். அவர் எதையும் தொடவில்லை. வண்டிக்கு அடியில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஸ்டாண்டு மாட்டும் பிராக்கெட்டில் ஆள்காட்டி விரலை விட்டுச் சுற்றினார்.

"தம்பி, ஸ்டாண்டுல குறை இல்ல. ஓட்டையிலதான் குறை. விரலை விட்டுப் பாருங்க."

விட்டுப் பார்த்தேன். ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை வடிவில் ஒரு நூல் அளவு தேய்ந்து போயிருந்தது. ஓரம் ரம்பப் பல் மாதிரி விரலில் பட்டது. என்றோ ஒருநாள் பழைய போல்ட் தொலைந்து, யாரோ முழு நீளமும் மரை வெட்டிய சாதா போல்ட்டைப் போட்டிருக்கிறார்கள். மரை ஓட்டைக்குள்ளேயே உட்கார்ந்தால் ஒவ்வொரு முறை ஸ்டாண்டு போடும்போதும் அது அரம் மாதிரி ராவும். பத்து வருஷம் ராவினால் இரும்பு என்ன செய்யும்? ஓட்டை தேய்ந்ததும் ஸ்டாண்டு தளர்ந்தது, தளர்ந்ததும் வண்டி கூடுதலாகச் சாய்ந்தது, சாயச் சாய இன்னும் தேய்ந்தது. நான் எத்தனை புது ஸ்டாண்டு வாங்கி மாட்டியிருந்தாலும் அதே ஓட்டையில்தான் ஆடியிருக்கும். நாலு நாளாக நான் தேடிக்கொண்டிருந்தது பாதிக் குறைக்கு மருந்து.

இன்னொன்றையும் அவரே கண்டுபிடித்தார். பின்னால் இருந்த ஷாக் அப்சார்பர் வண்டியோடு வந்தது இல்லை, கொஞ்சம் உயரமானது. அப்பச்சிக்கு இடுப்பு வலி வந்த காலத்தில் மாற்றியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பின்பக்கம் உயர்ந்தால் கம்பெனி அளவு ஸ்டாண்டு கட்டையாகிவிடும். ஆக, இந்த வண்டிக்கு ஒரிஜினல் ஸ்டாண்டே கிடைத்தாலும் அப்படியே பொருந்தாது. அவர் சொன்ன பிறகுதான் பழைய ஸ்டாண்டின் அடியில் ஒட்டுப் போட்டிருந்த தடத்தைக் கவனித்தேன்.

அப்புறம் அவர் அளவெடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் இரண்டு டயரிலும் காற்று சரிபார்த்தார். தரை மட்டமா என்று பார்க்க, பக்கத்தில் வேலை நடந்த வீட்டுக் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வரச் சொன்னார். ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுக்கத் திருப்பி, வேப்பமரக் கிளையிலிருந்து கயிறு விட்டு வண்டியைக் கட்டினார். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே வந்தார். எவ்வளவு சாய வேண்டும் என்று கேட்டேன்.

"டேங்குல ஒரு பிள்ளை சாஞ்சா வண்டி அங்கிட்டு விழக்கூடாது. நீங்க நிமித்துறப்ப இடுப்பு புடிக்கக்கூடாது. ரெண்டுக்கும் நடுவுல."

என்னையே ஏறி உட்கார்ந்து நிமிர்த்திப் பார்க்கச் சொன்னார், மூன்று முறை. மூன்றாவது முறை "இது சரி" என்றேன். கயிற்றை முடிச்சுப் போட்டார். ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் ஓரம் தரையைத் தொட நிறுத்தி, பிராக்கெட் ஓட்டை இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, அங்கிருந்து முன்பக்கமாகச் சாய்த்து ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டின் நீளம்தான் ஸ்டாண்டின் நீளம், அந்தச் சாய்மானம்தான் ஸ்டாண்டு இறங்கி நிற்க வேண்டிய இடம். சிங்கப்பூரில் சேசிஸ் நம்பரைச் சொல்லிச் சாமான் வரவழைத்துத்தான் எனக்குப் பழக்கம். என் வண்டிக்கும் என் இடுப்புக்கும் சேர்த்து ஒருவர் அளவெடுத்தது இதுதான் முதல் முறை.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, மூலையில் கிடந்த சாக்கைக் கொட்டினார். பழைய ஸ்டாண்டுகள் மட்டும் முப்பதுக்குக் குறையாது. ஒவ்வொன்றாக அட்டைமேல் வைத்துப் பார்த்து, தலைப்பகுதி சரியாக இருந்த ஒன்றை எடுத்தார். நல்ல கனமான பழைய வார்ப்பு, ஆனால் ஒரு விரல் அகலம் கட்டை. அதை வெல்டிங்கில் நீட்டிக்கொள்ளலாம், தலையைப் புதிதாகச் செய்வதுதான் சிரமம் என்றார். நீட்டிய முனையில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய தகடு ஒன்றையும் வைத்துப் பற்றவைத்தார். நம்ம ஊர்ச் செம்மண்ணில் மழை பெய்தால் சின்ன முனை உள்ளே இறங்கிவிடும், சித்திரை வெயிலில் தார் ரோட்டிலும் அப்படித்தான். வெல்டிங்கை வண்டியில் வைத்துச் செய்யவில்லை, ஸ்டாண்டைத் தனியாக வைத்துத்தான் செய்தார். கரண்ட் பேரிங் வழியாகவும் வயரிங் வழியாகவும் போய்விடும் என்பதால் அதில் அவர் கறார்.

பிராக்கெட் ஓட்டையை வட்டமாகப் பெரிதாக்கி, அதற்குள் செருக வளையம் மாதிரி ஒரு இரும்பு புஷ்ஷும் புது போல்ட்டும் கடைய லேத் பட்டறைக்கு அனுப்பினார். போல்ட்டில் நடுப்பகுதி வழவழவென்று இருக்க வேண்டும், மரை நட்டு ஏறும் கடைசியில் மட்டும். அந்த வழவழப்பான பகுதி ஸ்டாண்டின் கனத்தைவிட ஒரு காகிதக் கனம் கூடுதலாக இருந்தால்தான் நட்டை முழுக்க முறுக்கினாலும் ஸ்டாண்டு இறுகாமல் திரும்பும். மதியத்துக்குள் வந்துவிட்டது. புஷ்ஷை அடித்து இறக்கி, கிரீஸ் வைத்து மாட்டினார். ஆட்டிப் பார்த்தேன், அசைவே இல்லை. ஆனால் ஒரு விரலால் மடக்க முடிந்தது.

ஸ்பிரிங்குக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. ஸ்டாண்டு மடங்கியிருக்கும்போது ஸ்பிரிங் மேல்நோக்கி இழுக்க வேண்டும், இறக்கிய பின் அதே ஸ்பிரிங் முன்னோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். பாதி வழியில் அது போல்ட்டின் மையத்தைத் தாண்டினால்தான் இரண்டும் நடக்கும். மூன்று ஸ்பிரிங் மாற்றிப் பார்த்தார். முதலாவது தொளதொளவென்று இருந்தது. இப்படி இருந்தால் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டாண்டு தானாகக் கீழே வந்துவிடும், இடப்பக்கத் திருப்பத்தில் தரையில் தட்டினால் ஆளையே தூக்கிவிடும். மூன்றாவதை மாட்டி, என்னைக் குன்றக்குடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். வேகத்தடை ஒன்றைக்கூட விடாமல் ஏறி இறங்கி, மலையடியில் வண்டியை நிறுத்தி, சாமியைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். ஸ்டாண்டு மடங்கிய இடத்திலேயே இருந்தது.

ஸ்டாண்டு, வெல்டிங், லேத் வேலை, ஸ்பிரிங், கூலி, வளைந்த கிளட்ச் லிவருக்குப் புது லிவர், எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய் வாங்கினார். பொருந்தாத இரண்டு ஸ்டாண்டுக்கு நான் கொடுத்தது 900 ரூபாய். அந்த இரண்டையும் அவரிடமே கொடுத்துவிட்டேன், யாருக்காவது ஆகும். கிளம்பும்போது ஒரே ஒரு கண்டிப்பு வைத்தார். சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஏறி உட்கார்ந்து கிக்கரை மிதிக்கக் கூடாது. ஆளின் எடையும் மிதிக்கிற வேகமும் அந்த ஒரு போல்ட்டில்தான் இறங்கும். "உங்க அப்பச்சி ஒருநாளும் அப்படி மிதிச்சதில்ல. மெயின் ஸ்டாண்டு போட்டுத்தான் மிதிப்பாக" என்றார். அவருக்கு அப்பச்சியைத் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வண்டியைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டதாம். வேலை முடியட்டும் என்று இருந்திருக்கிறார். அதன் பிறகு அரைமணி நேரம் டீ குடித்துக்கொண்டு அப்பச்சியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆத்தங்குடிக் கல் மட்டும் இந்தப் பயணத்தில் முடியவில்லை. கண்ணாடிமேல் கலர் ஊற்றிக் கையால் செய்கிற கல், அதே பூ வேண்டுமென்றால் அச்சுச் செய்து, வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்க நாளாகும். முன்பணம் கொடுத்திருக்கிறேன், அண்ணன் மகன் வாங்கிப் பதித்துவிடுவான்.

கிளம்பும் அன்று காலை வண்டியை முகப்பில் பழைய இடத்திலேயே சைடு ஸ்டாண்டில் நிறுத்தினேன். தகட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பலகை வைத்தேன், தரையில் தடம் விழாமல் இருக்க. ஆத்தா திண்ணையிலிருந்து எழுந்து வந்து, சீட்டில் கை வைத்து இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாக. அசையவில்லை. மெக்கானிக் அண்ணன் கோடு போட்ட அட்டையில் தேதியையும், ஷாக் அப்சார்பர் மாற்றினால் அளவு மாறும் என்பதையும் எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு அப்பச்சியின் பீரோவில் வைத்திருக்கிறேன்.