ஒரே பிரிண்டர், பல த்ரெட்: லொக் நல்லதா, கியூ நல்லதா?

உப்புவெளியில் ஒரு சாப்பாட்டுக்கடைக்கு ஓடர் மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். சீசனில் வெயிட்டர்மார் எல்லாரும் ஒரே நேரத்தில் போனைத் தட்டுவார்கள். குசினியில் இருப்பதோ போர்ட் 9100இல் கேட்கும் ஒரேயொரு தெர்மல் பிரிண்டர். அந்த வகை பலவும் ஒரு நேரத்தில் ஒரு இணைப்பைத்தான் ஏற்கும்.

ஒவ்வொரு ஓடரையும் நிரலுக்குள் ஒரு த்ரெட் (மற்றவற்றோடு சமகாலத்தில் ஓடும் வேலை இழை) கவனிக்கிறது. எல்லா த்ரெட்டும் பிரிண்டருக்கான அதே சொக்கெட்டில் (வலையமைப்பு இணைப்பின் நம் பக்க முனை) இஷ்டத்துக்கு எழுதினால் கதை கந்தல்தான். அந்த இணைப்பில் தரவைக் கொண்டுபோகும் நெறிமுறையான டிசிபிக்குத் தெரிந்தது பைட் ஓட்டம் மட்டுமே. ஒரு ஓடர் துண்டு எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. தமிழ் எழுத்துரு இல்லாத பிரிண்டருக்கு நாம் தமிழைப் படமாகத்தான் அனுப்புகிறோம். ‘கணவாய்ப் பிரட்டல்’ படம் பாதி போயிருக்கையில் அடுத்த மேசையின் கொத்து உள்ளே நுழைந்தால், அந்த பைட்டுகளும் புள்ளிகளாகவே அச்சாகும். சமையல்காரர் நம்மைத்தான் திட்டுவார்.

லொக், அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு, போடுவது சுலபம், நாலு வரி வேலை. ஆனால் ஒவ்வொரு எழுத்து அழைப்புக்கும் தனித்தனியாகப் போட்டால் பிரயோசனமில்லை. முழுத் துண்டும் போய் முடியும்வரை பிடித்திருக்க வேண்டும். வில்லங்கம் பேப்பர் முடியும்போது வரும். பிரிண்டர் வாசிப்பதை நிறுத்தும், அனுப்பக் காத்திருக்கும் பைட்டுகளின் தற்காலிக இடமான பஃபர் நிரம்பும், லொக்கை வைத்திருக்கும் த்ரெட் அப்படியே நிற்கும், பின்னால் மற்ற எல்லா வெயிட்டரின் திரையும் உறையும். டைம்அவுட் (காத்திருப்புக்கு நேர எல்லை) வைக்காத லொக்கை நான் நம்பமாட்டேன்.

என் ஓட்டு கியூவுக்கு, அதாவது ஓடர்களை வரிசையில் போட்டு ஒவ்வொன்றாக எடுப்பதற்கு. இணைப்பு ஒரே த்ரெட்டின் சொத்து. திறப்பது, எழுதுவது, அறுந்தால் மறுபடி இணைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. மற்ற த்ரெட்டுகள் ஓடரைக் கியூவில் போட்டுவிட்டுப் போய்விடும். கியூவுக்கு ஒரு உச்ச அளவு வையுங்கள், இல்லாவிட்டால் பேப்பர் இல்லாத நேரத்தில் நினைவகம் வீங்கும். போட்டதெல்லாம் அச்சாகிவிட்டது என்றும் எண்ணக் கூடாது. பாதியில் அறுந்த துண்டை முழுதாகத் திருப்பி அனுப்பும்போது இரண்டு தரம் வரலாம். ஓடர் இலக்கம் அச்சிட்டால் குசினியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

டேட்டாபேஸ் என்றால் பேச்சு வேறு. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸின் இணைப்பு ஒன்றை இரு த்ரெட் பகிர்ந்து, ஒவ்வொரு வினவலுக்கும் லொக் போட்டாலும், ஒரு த்ரெட் தொடங்கிய பரிவர்த்தனையை (ஒன்றாக முடியவேண்டிய வினவல்களின் தொகுதி) மற்றது முடித்துவைக்கலாம். அங்கே பூல் (முன்கூட்டியே திறந்துவைத்த இணைப்புகளின் தொகுப்பு) தான் சரி: வேலை முடியும்வரை த்ரெட்டுக்கு ஒரு இணைப்பு. சேர்வரின் இயல்பு உச்சவரம்பு 100 இணைப்புகள்; ஒரு கடைக்கு அதில் பத்தே தாராளம்.