பிரான்சுக்கு அனுப்பிய கன்சல்டன்சி: விசா வரைக்கும் சரி

தர்மபுரியில் ஒரு கன்சல்டன்சி மூலமாகத்தான் லியோனுக்குப் படிக்க வந்தேன், பெயர் வேண்டாம். வெளிநாட்டு மாணவர்களுக்கான பிரெஞ்சு அரசு அமைப்பான கேம்பஸ் பிரான்ஸின் நேர்காணலுக்கு மூன்று முறை உட்கார வைத்துப் பழக்கினார்கள், அதில் குறையே இல்லை. விசா கைக்கு வந்ததும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். வந்து 3 மாதத்துக்குள் அந்த விசாவை ஆன்லைனில் உறுதிசெய்ய வேண்டும் என்பதே பக்கத்து அறை செனகல் பையன் சொல்லித்தான் தெரியும்! வாடகைக்கு ஜாமீன் ஆள் கேட்டார்கள். விசாலே என்று இலவச உத்தரவாதம் ஒன்று மாணவர்களுக்கு இருப்பது தெரியாமல் 2 அறை கைநழுவிப் போனது. அப்புறம் பிறப்புச் சான்றிதழ், அதற்குப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, தனி அலைச்சல். சூட்கேஸில் 4 கிலோ ராகி மாவைத் திணித்த அம்மா இவர்களைவிட விவரம், முதல் வாரம் முழுக்கக் களிதான். 5க்கு 2.