டிஸ்க் பராமரிப்பு என்று மாதம் 900 ரேண்ட் கட்டி ஏமாந்த கதை

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காவடி, தீமிதி, பிறந்தநாள் என்று எது கூப்பிட்டாலும் போவோம். டர்பன் பக்கம் கடை, ஆபீஸ், கோயில் கணக்கு என்று சின்ன சர்வர் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

2023-ல் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, உயிரை எடுத்துக்கொண்டிருந்த நேரம். பழைய ஹார்ட் டிஸ்க்கை நம்ப முடியாமல், கோயிலில் பழக்கமான ஒருவரிடம் சர்வர் வாங்கினேன். இரண்டு 2 டிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்), ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும், மிரர், அதாவது ரெய்டு 1. "ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கு அண்ணா, நிம்மதியாத் தூங்குங்க" என்றார். பில்லில் 'எண்டர்பிரைஸ் எஸ்எஸ்டி', அதாவது சர்வருக்கென்றே செய்த தரம், என்று போட்டிருந்தது. நம்ம ஆள்தானே என்று பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

முதல் ஐந்தாறு மாதம் சர்வர் பறந்தது. அப்புறம் ஒரு கல்யாண வீடியோவை ஏற்றினால் முதல் சில நிமிடம் ஓடிவிட்டு, பென் டிரைவ் மாதிரி இழுக்க ஆரம்பித்தது. கூப்பிட்டால் முதலில் கேபிள் என்றார், பிறகு நெட்வொர்க் ஸ்விட்ச் என்று புதிதாக ஒன்றை விற்றார், கடைசியில் மாதம் 900 ரேண்டுக்கு 'டிஸ்க் மெயின்டனன்ஸ்' என்று ஆரம்பித்தார். அது என்ன என்று பிறகுதான் தெரிந்தது: டிஃப்ராக், சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றாக அடுக்குவது! எஸ்எஸ்டியில் டிஃப்ராக் செய்தால் வேகம் வராது, தேவையில்லாமல் எழுதி எழுதி அதன் ஆயுள்தான் குறையும். விண்டோஸுக்கு எஸ்எஸ்டி என்று தெரிந்திருந்தால் அதுவே டிரிம் மட்டும் செய்துவிட்டுப் போயிருக்கும். ஆனால் மிரர் வேலைக்கு அவர் போட்டிருந்த பழைய ரெய்டு கார்டு இரண்டு டிஸ்க்கையும் மறைத்து, சாதாரண ஹார்ட் டிஸ்க் என்று காட்டிக்கொண்டிருந்தது.

டிரிம் என்றால் என்ன என்று எனக்கும் அப்போது தெரியாது. பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டவர் எழுந்து போய்விட்டார் என்று யாராவது சொன்னால்தானே இலையை எடுப்பார்கள்? நாம் ஃபைலை அழித்தால் விண்டோஸ் தன் பட்டியலில்தான் அடித்துவிடுகிறது, "அந்த இடம் இனி வேண்டாம்" என்று டிஸ்க்குக்குச் சொல்வது டிரிம் கட்டளை. அந்தக் கார்டு அதை டிஸ்க் வரை விடவே இல்லை. எஸ்எஸ்டியில் பழைய எழுத்தின் மேல் அப்படியே எழுத முடியாது, ஒரு பெரிய பிளாக்கில் வேண்டியதை வேறு இடத்துக்கு நகர்த்தி, அதை மொத்தமாக அழித்த பிறகுதான் எழுத முடியும். ஆகவே நான் எப்போதோ அழித்த படங்களையும் பத்திரமாக வேறு இடத்துக்கு நகர்த்தி நகர்த்தி அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

பின்னொரு நாள் நான் டிரிம் பற்றிக் கேட்டதற்கு, கருப்புத் திரையில் ஒரு கட்டளை போட்டு 'டிசேபிள் டெலீட் நோட்டிஃபை = 0' என்று காட்டி, "பாருங்க, ஆன்ல இருக்கு" என்றார். இதில் ஏமாறாதீர்கள். விண்டோஸ் அனுப்புகிறது என்றுதான் அதற்கு அர்த்தம், டிஸ்க்குக்குப் போய்ச் சேர்கிறதா என்பது வேறு கேள்வி.

பிறகு ஒரு டிஸ்க் செத்தது. புதியது போட்டு ரீபில்டு ஆரம்பித்தார்கள், அதாவது மிச்சமிருந்த டிஸ்க்கை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை படித்து, காலி இடத்தையும் சேர்த்துப் புதியதில் எழுதுவது. பாதியிலேயே அந்த இரண்டாவதும் போய்விட்டது. ஒரே கடை, ஒரே மாடல், ஒரே நாளில் பூட்டியது, இரண்டிலும் ஒரே அளவு எழுத்து, வேறென்ன நடக்கும்! கேமரா கார்டுகளில் கிடந்ததை மீட்டோம். ஒரு ஆயாவின் 90-வது பிறந்தநாள் வீடியோ போனது போனதுதான். வேறு இடத்தில் நகல் வைக்காதது என் தப்பு, மிரர் என்பது பேக்கப் இல்லை.

வேறொரு தம்பி வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தவை வீட்டு லேப்டாப்புக்குப் போடும் மலிவு டிரைவ்கள். மின்சாரம் போனால் கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கிவைத்து, எழுதிக்கொண்டிருந்ததைக் காப்பாற்றும் கெபாசிட்டர் எதுவும் கிடையாது. அந்த டிரைவ்களை நம் ஊரில், அந்த வருடத்தில் போட்டிருக்கிறார்! டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' விவரத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் இரண்டுமே தேய்மானக் கணக்கில் எல்லையைத் தாண்டியிருந்தன. கார்டுக்குப் பின்னால் இருந்ததால் அந்த எச்சரிக்கை எங்கள் கண்ணில் படவே இல்லை.

இப்போது அந்தக் கார்டு இல்லை. கார்டு இல்லாமல் லினக்ஸே மிரர் செய்யும் சாஃப்ட்வேர் ரெய்டு, அதில் 2012-ல் வந்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 3.7 முதல் டிரிம் மிரர் வழியாகப் போகிறது. வாரம் ஒருமுறை தானாக ஓடும். இரண்டு டிஸ்க்கும் வேறு வேறு கம்பெனி, ஒவ்வொன்றிலும் முதல் நாளே கொஞ்சம் இடத்தை, டிஸ்க் தன் நகர்த்தும் வேலைக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று, பார்ட்டிஷன் போடாமல் காலியாக விட்டாச்சு. யாராவது சர்வர் விற்க வந்தால், டிஸ்க் மாடல் எண்ணை பில்லில் எழுதச் சொல்லுங்கள், கார்டு டிரிமை விடுமா என்று எழுத்தில் கேளுங்கள். பழுதான பொருளைத் திருப்பிக் கொடுக்க 2008-ம் ஆண்டு நுகர்வோர் சட்டம் ஆறு மாதம் தருகிறது. என் சர்வர் அந்த ஆறு மாதமும் வேகமாகத்தான் ஓடியது, அதுதான் கொடுமை.

சர்வர் விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பதில் இல்லை. மாதக் கடைசியில் ஒரு பில் மட்டும் வந்தது, இரண்டு டிஸ்க்கும் செத்துக் கிடந்த மாதத்துக்கு: 'டிஸ்க் மெயின்டனன்ஸ், 900 ரேண்ட்.'