செல்ஃப் மோட்டார் மேல் போட்ட பழி: பழைய கேம்பர் வேனோடு நாலு வருஷம்

வீடு கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம். சில்வர் பீச் உப்புக்காற்று ராத்திரியெல்லாம் வண்டி மேல்தான். வண்டி, யாரோ கேம்பராக மாற்றி ஓட்டிவிட்டு விற்ற பழைய டீசல் வேன். படுக்கை, சிங்க், ஃபேன் எல்லாம் நன்றாகவே இருந்தன. தொல்லை கொடுத்ததெல்லாம் ஒயரிங்தான்.

முதல் வருஷமே ஒருநாள் விடியற்காலை புதுச்சேரி கிளம்பச் சாவியைத் திருப்பினேன். "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டேஷ்போர்டு விளக்கு மங்கக்கூட இல்லை. செல்ஃப் (இன்ஜினைக் கிளப்பும் மோட்டார்) போச்சு என்றார் எலக்ட்ரீஷியன். பிரஷ், சொலினாய்டு மாற்றினோம். இரண்டு வாரத்தில் மறுபடி "டக்". புது பேட்டரியும் போட்டுப் பார்த்தாயிற்று. ஊஹூம்.

அப்புறம்தான் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தேன். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 11.2. அது 9.6-க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும். சரி, எர்த்தை, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் பாதையைப் பார்ப்போம் என்று மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொன்றை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்துக்கொண்டு மச்சானைச் சாவி திருப்பச் சொன்னேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, 1.8 காட்டியது. துண்டு துண்டாக அளந்தால் கம்பத்துக்கும் கிளாம்புக்கும் இடையில் 0.05, கிளாம்பிலிருந்து சேஸிஸ் (வண்டியின் இரும்புச் சட்டம்) வரை 0.15, சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் மட்டும் 1.6!

இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. செல்ஃப் இழுக்கும் கரண்ட் திரும்பிவர, இன்ஜினைச் சேஸிஸோடு இணைக்கும் ஒரு பின்னல் கம்பிப் பட்டைதான் வழி. கழற்றி வளைத்தேன். வெளியே கருப்பு, உள்ளே பச்சைக் களிம்பு, பாதி இழை பொடியாக உதிர்ந்தது. ஆக்ஸிலரேட்டர் கேபிள் சுட்டுக்கொண்டிருந்ததை முன்பே கவனித்திருந்தேன். கரண்ட் அதன் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றே உறைத்திருக்க வேண்டும். பட்டைக்குப் பதிலாக வெல்டிங் கேபிளில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) அழுத்தி, இரும்பைப் பளபளவெனச் சுரண்டி முடுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். அதற்கப்புறம் அந்த "டக்" வரவில்லை.

இன்னொரு தலைவலி, ஒரு வாரம் நிறுத்தினால் பேட்டரி படுத்துவிடும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நெகட்டிவில் மீட்டரைத் தொடராக இணைத்தேன், 0.4 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 10 ஆம்பியர்-அவர் வீண். (மீட்டர் அப்படி இருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள். மறதியில் ஒரு ஃப்யூஸைப் பலிகொடுத்தவன் சொல்கிறேன்.) ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கியபோது ஒன்றில் அளவு சட்டென்று விழுந்தது. ஃபேனையும் சார்ஜரையும் படுக்கைப் பக்கத்துக்கென்று இருக்கும் தனிப் பேட்டரிக்குக் கொடுக்காமல் இன்ஜின் பேட்டரியிலேயே முறுக்கி, டேப் சுற்றியிருந்தார் பழைய ஓனர். அதை மாற்றி, இரண்டு பேட்டரிக்கும் நடுவில் ஒரு ரிலேவும் போட்டேன். இன்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டும் சேரும்.

ஐப்பசி மழை தொடங்கும் முன் எர்த் பாயின்ட்களைக் கழற்றித் தேய்ப்பது இப்போது வருஷா வருஷம் நடக்கிறது, அரை நாள் வேலை. டீசல் முள் மட்டும் இன்னும் எப்போதும் பாதி டேங்க்தான் காட்டுகிறது. அதற்கும் எர்த்தாகத்தான் இருக்கும். டேங்கை இறக்கச் சோம்பல்.