தோலுக்கடியில் ஒரு லூப் ரெக்கோடர்: நீண்டகாலப் பாவனையில் தெரிவது

மயக்கம் சில மாதத்துக்கொரு தடவை வருகிறதென்றால் உடம்பில் கட்டி இதயத்துடிப்பைப் பதியும் 24 மணிநேர ஹோல்டர் கருவியில் அநேகமாக ஒன்றும் அகப்படாது. நெஞ்சுத் தோலுக்கடியில் இருந்து வருடக்கணக்கில் துடிப்பைப் பதியும் லூப் ரெக்கோடருக்கு வேலை அங்கேதான். மெட்ரோனிக் கம்பனியின் ரிவீல் லிங்க் என்ற ரெக்கோடர் 2.5 கிராம், பற்றரி ஏறக்குறைய 3 வருடம். பிறகு வந்த லிங்க் 2 என்றால் 4.5 வருடம். பேஸ்மேக்கர் மாதிரி துடிப்பைத் தூண்டாது, பதியும், அவ்வளவுதான்.

வைப்பது சின்ன வேலை. நெஞ்செலும்புக்கு இடப்பக்கம் நாலாவது விலா இடைவெளியில் 45 பாகை சரிவாக, விறைப்பூசி போட்டு, ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைந்த வெட்டு. அவசரப்படக்கூடாதது ஆர் அலையை (ஒவ்வொரு துடிப்புக்கும் வரைபடத்தில் எழும் கூரான முனையை) அளப்பதில்தான். 0.2 மில்லிவோல்ற்றாவது வராவிட்டால் தையல் போட முன்பே இடத்தை மாற்றுவது நல்லது. படுத்திருக்கையில் உயரமாக நிற்கும் அலை, எழுந்து உட்கார்ந்ததும் சுருங்குவதுண்டு. அப்போது கருவி துடிப்புகளைத் தவறவிட்டு, இதயம் நின்றதாகப் பதிந்துவிடும். வரைபடத்தை உற்றுப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: கோடு தட்டையாக இராது, குட்டி ஆர் அலைகள் வழக்கமான இடைவெளியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இடையிடையே முந்தி வரும் துடிப்புகளையும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு) என்று எழுதிவைக்கும்.

பொய்ப் பதிவுதானே என்று விடமுடியாது. லிங்க்கின் நினைவகம் மொத்தமே ஒரு மணிநேரத்துக்குள். நிரம்பினால் பழையது அழியும். நிஜமான ஒன்று அதோடு போகலாம். கட்டிலருகே வைக்கும் மொனிட்டர் இராத்திரியில் பதிவை அனுப்பினால் இந்தத் தலையிடி குறையும். கொழும்பில் கருவி வாங்க முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி விலையல்ல: மொனிட்டர் இங்கே வேலை செய்யுமா, வரும் பதிவை யார், எத்தனை நாளுக்கொருமுறை பார்ப்பார்? பதில் மழுப்பலாக இருந்தால் கிளினிக் திகதிகளை நெருக்கமாகக் கேட்டு வாங்குங்கள். கரண்ட் போனால் அனுப்புவதுதான் தாமதிக்கும், உள்ளே பதிவு நிற்காது.

கையில் தரும் பொத்தானை மயக்கம் தெளிந்த பிறகு அமத்தினாலும் போதும், முந்தைய நிமிடங்களும் சேர்ந்தே சேமிக்கப்படும். கூட இருப்பவருக்கும் பழக்கிவையுங்கள். கோட்டை பஸ் நிலையத்தில் விழுந்தவர் தானே அமத்தமாட்டார்.

கொழும்பு வியர்வைக்குக் காயம் ஆறும்வரை இறுக்கமான உள்ளாடையும் தோள்பை வாரும் அதில் உரசக்கூடாது. சிவந்து, சூடாகி, நீர் கசிந்தால் களிம்பு பூசிக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். எம்ஆர்ஐ எடுக்கலாம், ஆனால் கருவி அட்டையை முதலில் நீட்டுங்கள். ஸ்கேனுக்கு முன்பே பதிவுகளை இறக்கிவிடச் சொல்லுங்கள், காந்தப்புலம் பொய்ப் பதிவுகளைக் கிளப்பும்.