பவர் விண்டோ சுவிட்ச்: கழற்றிய ஒரிஜினலா, புது மாற்றா?

பழைய காரில் கண்ணாடி சுவிட்ச் போய்விட்டால் இரண்டு வழி இருக்கிறது. சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகம் விற்கும் இடத்தில் அதே மாடல் காரிலிருந்து கழற்றிய ஒரிஜினல், இல்லையென்றால் புதிதாக வரும் மாற்று சுவிட்ச். புதியதில் பட்டன் தளராமல் இருக்கும், ஆனால் சாக்கெட்டில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்பதற்காக உள்ளே பின்களின் (வயர் சேரும் உலோக முனைகள்) வரிசையும் அதேதான் என்று நம்பிவிடாதீர்கள், எனக்கு அப்படித்தான் மேலே அழுத்தினால் கண்ணாடி கீழே இறங்கியது. மோட்டாருக்குப் போகும் இரண்டு வயர் இடம் மாறினால் இப்படி ஆகும், மாற்றிப் போட்டால் சரி. பிளஸ் வயர் எர்த்தோடு சேர்கிற மாதிரி பின் அமைந்துவிட்டால்தான் வம்பு, ஃபியூஸ் போய்விடும்.

அதனால் மாட்டும் முன் மல்டிமீட்டர் (மின்தொடர்பு இருக்கிறதா என்று காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள். பெரும்பாலான பழைய கார்களில் டிரைவர் பக்க சுவிட்சை அழுத்தாதபோது மோட்டார் பின் இரண்டும் எர்த் பின்னோடு தொடர்பு காட்டும், ஏற்றும் பக்கம் அழுத்தினால் அதில் ஒன்று மட்டும் பிளஸுக்கு மாறும். மற்ற கதவுகளின் சுவிட்சுக்கு அந்த எர்த் டிரைவர் சுவிட்ச் வழியாகத்தான் வருகிறது, ஆகவே டிரைவர் பக்கம் தப்பான சுவிட்சைப் போட்டால் பின்பக்கக் கதவுக் கண்ணாடிகூட நின்றுவிடும்!

கழற்றியதில் இந்தக் குழப்பம் இல்லை, பார்ட் நம்பர் ஒத்திருந்தால் போதும். தொடுமுனைகள் கருத்திருக்கும், பிரித்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிடலாம். நான் இதைத்தான் வாங்குவேன்.